கருவியும் விலையும்

தமிழில் ‘கருவி’ என்னும் சொல் ஒன்றே. அது சுட்டும் பொருள்களோ பல. தச்சன் கையிலுள்ள உளி கருவி; அவ்வுளியால் செதுக்கப்பெறும் வீணையும் கருவி. முன்னது தொழிற்கருவி, பின்னது இசைக்கருவி. ஒரு கருவியினின்று மற்றொரு கருவி பிறக்கும் அருமையைக் கண்ணாரக் காண விழைவோர் தஞ்சாவூருக்குச் செல்லுதல் வேண்டும். அந்நகரில் வீணை செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அவர்தம் தொழிலிடம் பேராலையன்று. பெரும்பாலும் வீட்டை ஒட்டிய சிறு பட்டறையே. ஒருபுறம் அடுக்களைப் புகை. மறுபுறம் பலாமரத் தூள்.

வீணைக்கு ஏற்ற மரம் பலா. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் முதிர்ந்த பலாமரத்தை வாங்கி, அறுத்து, உலர்த்தி, வேலையைத் தொடங்குவர். குடம், தண்டி, யாளிமுகம் என்னும் உறுப்புகளைத் தனித்தனியே செய்து இணைப்பதும் உண்டு. ஒரே மரத்தில் முழு வீணையையும் குடைந்தெடுப்பதும் உண்டு. பின்னது ஏகாந்த வீணை எனப்படும். குடத்தின் உட்புறத்தைக் குடையுங்கால் சுவரின் கனத்தில் கண் வைத்தல் வேண்டும். அது மிகுந்தால் நாதம் அடங்கும். குறைந்தால் மரம் வெடிக்கும். மெழுகிற் பதிக்கப்பெறும் 24 மெட்டுகளையும் செவியின் துணைகொண்டே உரிய இடங்களில் நிறுத்துவர். இவ்வீணைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவ்வளவு நுண்ணிய வேலை நிகழும் பட்டறையில் எத்தனை கருவிகள் இருக்கும்? புதிதாகச் சென்று காண்போர் வியப்புறுவர். சில உளிகள், இரண்டொரு வாள்கள், இழைப்புளி, அரம், கொட்டாப்புளி, துளையிடும் கருவி, அளவுகோல், ஏறக்குறைய அவ்வளவே. கைபட்டுக் கைபட்டுப் பிடிகள் வழவழப்பாகியிருக்கும். சாணைக்கல்லிற் பன்முறை தேய்ந்து உளியின் இரும்பு குறுகியிருக்கும். தேய்ந்த அவ்வுளியைப் புதிய உளிகள் இரண்டிற்கும் மாற்றித் தருமாறு கேட்டால் தொழிலாளி எளிதில் இசையான்.

இனிக் கடைத்தெருவின் காட்சி வேறு. பளபளக்கும் பெட்டி ஒன்றில் முப்பது கருவிகளை அடுக்கிவைத்து, ‘பாதி விலை’ எனக் கூவி விற்கின்றனர். அவ்விளம்பரம் கைபேசியிலும் வந்து நிற்கின்றது. திருப்புளி, குறடு, சுத்தியல், உளி, அளவுநாடா, மூலைமட்டம் யாவும் அப்பெட்டியில் உண்டு. நல்ல உளிகள் சிலவற்றின் விலைக்கு முப்பது கருவிகள்! வீட்டிலேயே சிறு பட்டறை அமைத்து, நாற்காலியைத் தானே பழுதுபார்க்கவும், தங்கைக்கு ஒரு புத்தக அலமாரி செய்து தரவும் விரும்பும் இளைஞன் மயங்காமல் என் செய்வான்?

அவ்வாறு வாங்குவோர் கூறும் நியாயங்களையும் கேட்டல் முறை. ஆண்டிற்கு நான்கு முறை மட்டுமே பயன்படும் கருவிக்குப் பெரும்பொருள் எதற்கு என்பர். கற்கும் பருவத்தில் மலிவான கருவியைக் கெடுத்துப் பழகுவோம், கை தேர்ந்த பின்னர் நல்லது வாங்குவோம் என்பர். இவற்றிற்கு மேலும், வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்னும் பழமொழியை எடுத்துக்காட்டுவர். கருவியைக் குறைகூறும் மாணவனை நோக்கி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என நகையாடுவோரும் உளர். இந்நியாயங்களுள் முதலாவது பெரிதும் உண்மை. இரண்டாவதிலேதான் பிழை உள்ளது, அப்பிழை சிறியதன்று.

அதனை உணர்தற்கு இரும்பின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். உளியின் உயிர் அதன் வாயில் உள்ளது. வாய் மழுங்காதிருக்க இரும்பு கடினமாயிருத்தல் வேண்டும். உடையாதிருக்க அஃது உரமுடையதாயிருத்தல் வேண்டும். இவ்விரு பண்புகளும் தம்முள் பகை. கடினம் மிகுந்தால் வாய் நொறுங்கும். மென்மை மிகுந்தால் மடங்கும். பகைமை கொண்ட இரண்டினையும் ஓரிடத்தில் இசைந்திருக்கச் செய்வதே கொல்லன் கலை. அதற்குத் துணைபுரிவது இரும்பிற் கலந்துள்ள கரி. மெல்லிய இரும்பில் கரி நூற்றுக்கு 0.25 பங்கைத் தாண்டாது. உளிக்குரிய எஃகில் 0.6 முதல் 1 பங்கு வரை இருக்கும். அரத்தில் ஏறக்குறைய 1.2 பங்கு. இச்சிறு வேற்றுமையே ஓர் இரும்பை ஆணியாகவும் மற்றோர் இரும்பை உளியாகவும் ஆக்குகின்றது.

கரி இருந்தால் மட்டும் போதாது. அவ்வெஃகினை 800 பாகைச் செல்சியசு அளவிற்குச் செந்நிறம் பெறக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தல் வேண்டும். ஏறத்தாழ 770 பாகையில் எஃகு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். ஆதலின் காந்தத்தை அருகிற் காட்டி அச்சூட்டை அறிவாரும் உண்டு. தோய்ச்சல் பெற்ற எஃகு கண்ணாடிபோற் கடினமாகும். அந்நிலையிலேயே விட்டால் கண்ணாடிபோலவே உடையும். எனவே, அதனை மீண்டும் இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்துவர். அப்பொழுது மெருகிட்ட எஃகின்மேல் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும். 230 பாகையளவில் வைக்கோலின் மஞ்சள். 280 பாகையில் ஊதா. 300 பாகையில் நீலம். மரம் செதுக்கும் உளியை வைக்கோல் நிறத்தில் நிறுத்துவர். வளைந்து நிமிர வேண்டிய வில்லை நீலம் தோன்றும் வரை விடுவர். நிறம் மாறும் அக்கணத்தைத் தவறவிட்டால் வேலையை முதலிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

விலையைப் பாதியாக்க விரும்பும் ஆலை எங்கே தன் செலவைக் குறைக்கும்? பெட்டி கண்ணுக்குத் தெரியும், முலாம் தெரியும், பிடியின் வண்ணம் தெரியும். கரியின் அளவு தெரியாது. தோய்ச்சலும் பதமும் தெரியா. செய்தவற்றைச் சோதித்துக் குறையுடையவற்றை விலக்கும் உழைப்பும் வாங்குவோன் கண்ணிற் படுவதில்லை. தெரியாத இடத்திற் குறைத்தலே வாணிகத்திற்கு எளிது. மலிவான கருவிகள் யாவும் இவ்வாறே என்பது கருத்தன்று. ஒரே பெட்டியில் ஓர் உளி செவ்வையாகவும் அடுத்த உளி ஈயம்போல் மென்மையாகவும் அமைதல் கூடும். வாங்குவோன் எதனை நம்புவது என்பதே தொல்லை. இத்தொல்லையைத் தீர்ப்பதற்கன்றோ தர முத்திரை ஏற்பட்டது! 1947-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியத் தர நிறுவனம் 1987-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறியது, அதன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இன்றும் வழங்குகின்றது. முத்திரையோடு உரிம எண்ணும் பொறிக்கப்பெற்றிருத்தல் வேண்டும். எண் இல்லாத முத்திரையை நம்புதல் ஆகாது.

முற்காலத்தில் காவிரிக் கழனி ஊர்களில் இந்நம்பிக்கைக்கு வேறு வழி இருந்தது. குறுவையோ சம்பாவோ தாளடியோ, கதிர் முற்றுமுன் உழவர் தத்தம் கருக்கரிவாள்களை எடுத்துக்கொண்டு ஊர்க் கொல்லனின் உலைக்களத்திற்குச் செல்வர். மழுங்கிய பற்களை அவன் மீண்டும் வெட்டித் தருவான். அறுக்கும்போது அரிவாள் மடங்கினால் உழவன் மறுநாட் காலை அவன் வாயிலில் நிற்பான். செய்தவன் முகமும் வாங்கினவன் முகமும் ஒன்றையொன்று அறியும். அக்காலத்துக் கொல்லர் யாவரும் குறையற்றவர் என்று எண்ணிவிடலாகாது; மட்டமாக அடித்தவரும் இருந்திருப்பர். ஆயினும், அடித்த குறை அடித்தவனிடமே திரும்பி வந்தது. இன்று அறுவடைப் பொறி வயலில் இறங்கிவிட்டது. துருத்தியின் ஓசை பல ஊர்களில் அடங்கிவிட்டது. பெட்டியில் வந்த உளி மடங்கினால் எவர் வாயிலில் சென்று நிற்பது?

இனி, மேலே குறித்த பிழைக்கு வருதல் தகும். கற்போனுக்கு மலிவான கருவி போதும், தேர்ந்தவனுக்கே நல்லது வேண்டும் என்பது உலகோர் எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. தேர்ந்த தச்சன் கையில் மட்டமான உளியைக் கொடுத்தால், இரண்டு சீவலில் அவன் அதன் குறையை அறிவான். சாணை பிடிப்பான், வாயின் சரிவை மாற்றுவான், மெல்ல அடிப்பான், எவ்வாற்றானும் பயன்படாவிடின் மூலையில் எறிவான். நல்ல உளி எவ்வாறு செல்லும் என்னும் நினைவு அவன் கையிலேயே உள்ளது. புதிதாகக் கற்கும் சிறுவனுக்கோ அந்நினைவு இல்லை. உளி வழுவி மரம் பிளந்தால் தன் கை தவறியதாகவே அவன் எண்ணுவான். திருப்புளியின் நுனி தேய்ந்து திருகாணியின் தலை சிதைந்தால், தனக்கு வலிமை போதாது என்பான். வாள் ஒருபுறம் சாய்ந்து அறுத்தால், தன் கண்ணே கோணல் என்பான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இவ்வாறு கழியும். நான்காம் ஞாயிறன்று பெட்டி பரணில் ஏறும்.

கருவியால் வந்த இழப்பு சில நூறு ரூபாய். தனக்குத் தொழில் வராது என்று ஒரு சிறுவன் தன்னைப்பற்றித் தானே முடிவு கட்டிக்கொள்வானாயின், அவ்விழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? புல்லை ஆயுதமாக்குவோன் வல்லவன் என்றே பழமொழி கூறுகின்றது. வல்லவனாக வேண்டிப் பயில்வோனைப்பற்றி அது வாய் திறக்கவில்லை. கூடத்தின் கதையும் அத்தகையதே. கூடம் மெய்யாகவே கோணலாயிருந்தால் அதனைக் கண்டு கூற வல்லவள் ஆடத் தெரிந்தவளே. தெரியாதவள் கூறினால் மெய்யும் நகைப்புக்கிடமாகும்.

நல்ல எஃகின் அருமையை உலகம் எளிதில் ஏற்றுக்கொண்டதுமில்லை. எஃகுத் தொழில் தமிழகத்திற்குப் பழையது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1980-களில் நிகழ்த்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. ‘ஊட்சு’ என ஐரோப்பியர் அழைத்த தென்னாட்டு எஃகினை இலண்டனில் கத்தி செய்தவரான ஜேம்ஸ் ஸ்டொடார்ட் பெரிதும் மதித்தார்; மைக்கேல் பாரடே அவருடன் சேர்ந்து 1819 முதல் எஃகு ஆய்வில் ஈடுபட்டார். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் நிகழ்ந்த செய்தி இன்னும் சுவையானது. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பார் கடிகாரம் செய்பவர். அந்நாளிற் கிடைத்த எஃகு கடிகார வில்லிற்கு ஏற்றதாயில்லை. ஆகவே, செப்பீல்டு நகரின் அருகே குடியேறி, 1740-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மண் மூசையில் எஃகினை முற்றிலும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். செப்பீல்டுக் கத்தித் தொழிலாளரோ, அவ்வெஃகு மிகக் கடினமானது, அடித்து வேலை செய்தற்கு அரிது எனக் கூறி அதனை ஒதுக்கினர். அவர் அதனைப் பிரான்சு நாட்டிற்கு விற்றார். அவ்வெஃகினாற் செய்த பிரெஞ்சுக் கத்திகள் தம் நாட்டு அங்காடிக்கே வந்து போட்டியிட்ட பின்னரே செப்பீல்டார் விழித்துக்கொண்டனர்.

வெட்டுங் கருவியைப் போலவே அளக்குங் கருவியிலும் மலிவு தீங்கு தரும். மூலைமட்டம் ஒரு பாகை பிழைத்தாலும் 60 செண்டிமீட்டர் நீளத்திற்குள் கோடு ஏறத்தாழ 1 செண்டிமீட்டர் விலகிவிடும். அலமாரியின் கதவு மூடாது. செய்தவன் தன்னை நொந்துகொள்வான். நல்லவேளையாக, இக்குறையைக் காணும் வழி எளிது, காசு வேண்டா. நேரான விளிம்புடைய பலகையின்மேல் மட்டத்தை வைத்து ஒரு கோடு கிழித்தல் வேண்டும். பின்னர் மட்டத்தை மறுபுறமாகப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கிழித்தல் வேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தினால் மட்டம் மெய்யானது. விலகினால் அவ்விலகலிற் பாதி மட்டத்தின் பிழை. ரசமட்டத்தையும் இவ்வாறே முனை மாற்றி வைத்துப் பார்க்கலாம். கடைக்காரர் இச்சோதனைக்கு இடந்தராவிடின் மட்டத்தை அவரிடமே விட்டுவரலாம்.

மின்னாற் சுழலும் கருவிகளைப்பற்றியோ இருவேறு எண்ணத்திற்கு இடமில்லை. இரும்பு அறுப்பதற்கு வட்டுப் பூட்டிய கைப்பொறி ஒன்று இன்று பல வீடுகளிலும் புகுந்துள்ளது. தொழிலாளர் அதனைக் ‘கட்டிங் மெஷின்’ என்பர். அவ்வட்டின் விட்டம் 10 செண்டிமீட்டர். அது நிமிடத்திற்கு 11,000 முறை சுழல்வதாகக் கொள்க. கணக்கறிந்த மாணவர் பெருக்கிப் பார்த்தால், வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் ஓடுதல் விளங்கும். அவ்விரைவில் வட்டு உடைந்து தெறித்தால் எதிரே இருப்பது முகம். நல்ல வட்டில் அது தாங்கும் உச்ச விரைவும் எத்திங்கள் வரை பயன்படுத்தலாம் என்னும் குறிப்பும் அச்சிடப்பெற்றிருக்கும். இவையில்லாத வட்டினை இலவசமாகக் கொடுத்தாலும் கொள்ளலாகாது. வட்டின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் வழக்கம் பரவியிருப்பது வருந்தத்தக்கது.

இவை நீங்கலாகப் பிறவற்றில் மலிவுக்கு இடம் உண்டு. உண்டு என்பதனை ஒளிக்கவும் வேண்டா. வண்ணம் சுரண்டும் தகடு, தூரிகை, பசைக் கிண்ணம், தொங்கவிடும் கொக்கி, ஆணிப்பெட்டி ஆகியவற்றிற்கு மிகுபொருள் கொடுத்தல் வீண். கொட்டாப்புளியை விலைக்கு வாங்க வேண்டுவதே இல்லை. புளிய மரத்துண்டு ஒன்று கிடைத்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரே ஒரு வேலைக்காக ஒரு கருவி தேவைப்பட்டால், அண்டை வீட்டாரிடம் இரவல் பெறுதல் நன்று. இரவல் பெற்றதைத் துடைத்து எண்ணெயிட்டுத் திருப்பித் தருதல் அதனினும் நன்று. சுத்தியலை மட்டும் இவ்வரிசையிற் சேர்த்தல் ஆகாது. மட்டமான சுத்தியலின் முகம் சில்லாகத் தெறித்துக் கண்ணைக் கெடுத்தல் கூடும்.

கையிற் பொருளில்லாதவன் என் செய்வான் என்னும் வினா எஞ்சுகின்றது. வினவுவோர் பலர், வினாவும் நேர்மையானது. முப்பது கருவிகளை ஒரே நாளில் வாங்குதற்கு மாறாக, வேலை கேட்கும்போது ஒவ்வொன்றாக வாங்குதல் ஒரு வழி. ஓர் அலமாரி செய்வதற்கு முப்பது கருவிகள் வேண்டுவதில்லை. வாள் ஒன்று, உளி இரண்டு, இழைப்புளி, மூலைமட்டம், சுத்தியல், திருப்புளி இருந்தால் வேலை நடக்கும். மற்றொரு வழி பழைய இரும்புக் கடை. துருவேறிய நல்ல உளி அங்கே எடைக்கு விலையாகக் கிடைத்தல் உண்டு. துரு மேற்புறத்தது, எஃகு உட்புறத்தது. வாயின் அருகே ஓர் அரத்தை மெல்ல இழுத்தால் போதும். அரம் கவ்வி எளிதில் தேய்த்தால் இரும்பு மெல்லியது. ஓரளவு வழுக்கினால் அங்கே தோய்ச்சல் உயிரோடிருக்கின்றது. மூன்றாவது வழியும் உண்டு. ஊரில் உலைக்களம் எஞ்சியிருக்குமாயின், லாரியின் பழைய வில்பட்டைத் துண்டொன்றைக் கொடுத்து உளி அடித்துத் தருமாறு கேட்கலாம். அப்பட்டையில் கரி ஏறக்குறைய 0.6 பங்கு, வலிய வேலைக்கேற்ற உளிக்கு அது பொருந்தும். பயனற்றுப்போன அரத்தையும் உளியாக்கலாம். ஆனால், அதில் கரி மிகுதியாதலின் பதம் பார்த்து இளக்காவிடின் பட்டென முறியும். அக்கொல்லர்க்குக் கொடுக்கும் கூலி, பெட்டியின் விலையிற் சிறு பகுதியே ஆகும். உளி மடங்கினால் சென்று நிற்பதற்கு ஒரு வாயிலும் உண்டு.

எவ்வழியால் வந்த உளியாயினும், வந்த அன்றே வேலைக்கு வாராது. கடையிலிருந்து வரும் விலையுயர்ந்த உளியும் இதற்கு விலக்கன்று. சாணைக்கல்லை நீரில் நனைத்து, முதலில் உளியின் தட்டையான பின்புறத்தை, கண்ணாடிபோல் முகம் தெரியும்வரை தேய்த்தல் வேண்டும். பின்னர்ச் சரிவான பக்கத்தை ஒரே சாய்வில், கை ஆடாது, முன்னும் பின்னுமாகத் தேய்த்தல் வேண்டும். விளிம்பின் மறுபுறத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். அதனைக் கல்லில் இரண்டொரு முறை ஒற்றி நீக்குதல் வேண்டும். வாயை நகத்தின்மேல் மெல்லச் சாய்த்து வைத்தால் அது வழுக்காமல் நிற்கும். இதற்கு முதல் நாளில் ஒரு மணி நேரம் ஆகலாம். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். பலாமரத் துண்டொன்றைப் பலகையோடு இறுக்கி, இரு கைகளாலும் உளியைத் தள்ளிப் பார்க்கலாம். மஞ்சள் நிறச் சீவல் முறியாமற் சுருண்டு வருமாயின், உளி ஆயத்தமாயிற்று.